கை மேசைக்குக் கீழே

எங்கள் கம்பெனிக்குத் தெளிவு வந்தது ஓர் ஆடி மாதத்தில். அதற்கு முன்னால் நாங்கள் தெளிவில்லாமல் இருந்தோம் என்பது சத்தியமாக எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இத்தனை வருஷம் வெட்கமில்லாமல் காய் ஏற்றுமதி பண்ணியிருப்போமா?

கம்பெனி திண்டுக்கல்லிலிருந்து வடமதுரை போகிற வழியில் இருக்கிறது. கெர்கின் என்று ஒரு குட்டி வெள்ளரி. இந்தப் பக்கம் அதைப் பயிர் பண்ணாத ஊர் குறைவு. தின்கிற வீடு ஒன்றுகூடக் கிடையாது. பறித்து, உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, நீல டிரம்மில் அடைத்துப் போலந்துக்கும் துருக்கிக்கும் அனுப்புகிறோம். அங்கே ரொட்டிக்கு அதுதான் வெஞ்சனமாம். நான் முகமது ரஃபீக், எடைமேடையில் இருக்கிறவன். கம்பெனியிலேயே நெட் ஒழுங்காகக் கிடைப்பது என் எடைமேடை அறையில்தான் என்பதால் வெளிநாட்டுக் கூட்டம் எல்லாம் என் கண் முன்னால்தான் நடக்கும்.

கூட்டத்தில் பேசுகிறவன் பழனிக்குமார். தினமும் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும், அதாவது அந்த ஊர்க்காரர்களுக்குக் காலையில், கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவான். போலந்திலிருந்து பெயாத்தா என்று ஓர் அம்மா வருவார். துருக்கியிலிருந்து ஒர்ஹான் வருவார். மறுநாள் யாருக்கு எந்த அளவுக் காய் வேண்டும் என்று கேட்டு, சாயங்காலத்துக்குள் விவசாயிகளுக்குப் போனில் சொல்லிவிட வேண்டும். இதில் ஒரு நாள் தவறினாலும் போச்சு. கெர்கின் பொறுமை இல்லாத காய். இன்றைக்கு விரல் அளவு இருப்பதைப் பறிக்காமல் விட்டால் நாளைக்குப் பருத்துவிடும், மறுநாள் முழங்கை அளவுக்கு வந்து நிற்கும். அதைக் கம்பெனி வாங்காது. மாடு மட்டும் யோசித்துச் சாப்பிடும்.

பழனிக்குமாருடையது அரசுப் பள்ளி இங்கிலீஷ். பெயாத்தாவுடையது போலந்துப் பள்ளி இங்கிலீஷ். ஒர்ஹானுடையது எந்தப் பள்ளியிலும் நடத்தப்படாத இங்கிலீஷ். மூன்று பேரும் சேர்ந்து இப்படித்தான் பேசுவார்கள்.

"மேடம், டுமாரோ?"

பெயாத்தா சுண்டுவிரலைக் காமிராவுக்கு நேரே நீட்டுவார். "ஒன்லி திஸ்."

"ஓகே மேடம். ஒர்ஹான் சார்?"

ஒர்ஹான் கட்டைவிரலைக் காட்டுவார். "பிக். துருக்கி லைக் பிக்."

"ஓகே சார். டுமாரோ கம். பை பை."

அம்புட்டுதேன். ஊற்றி வைத்த டீ ஆறியிருக்காது.

சுண்டுவிரல், மோதிரவிரல், ஆள்காட்டி விரல், கட்டைவிரல். காய்க்கு நாலு அளவு, அதற்கு நாலு விரல். ஆரம்பத்தில் ஐந்தாவதாக ஒன்றும் இருந்தது. பழனிக்குமார் ஒருநாள் பச்சைப் பிள்ளைபோலச் சிரித்துக்கொண்டு, நடுவிரலை மட்டும் தனியாக நிமிர்த்தி, "சார், திஸ் சைஸ் வான்ட்?" என்று ஒர்ஹானைக் கேட்டான். அந்த மனுஷன் முகம் மிளகாய்ப்பழமாகச் சிவந்தது. பெயாத்தா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அந்த ஊர்களில் அந்த விரலுக்கு என்ன அர்த்தம் என்று கூகிளில் பார்த்துவிட்டு, "பாய், மானமே போச்சு" என்று பழனிக்குமார் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். அன்றோடு அந்த விரலைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டோம். அந்த அளவுக் காயையும் வாங்குவதில்லை.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த காலத்தில், சென்னைத் தலைமை அலுவலகத்தில் யாரோ இந்தக் கூட்டத்தின் பதிவைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். வேலை இல்லாத நேரத்தில் மனிதர்கள் என்னென்னவோ செய்கிறார்கள். பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து வேலை செய்கிற இடத்தில் தெளிவான ஆங்கிலம் இல்லை, கம்பெனி பெரிய ஆபத்தில் இருக்கிறது என்று அறிக்கை எழுதப்பட்டது. உடனே தெளிவுத் துறை என்று ஒன்று தொடங்கினார்கள்.

துறைத் தலைவர் சிவபிரகாஷ் காரில் வந்து இறங்கினார். சொந்த ஊர் நெய்க்காரப்பட்டிதானாம். ஆனால் தமிழை இரவல் வாங்கின சட்டையைப்போலக் கசங்காமல் பயன்படுத்துவார். கூடவே உதவியாளர் ஜீவிதா, கையில் ஒரு மேசை மணியோடு. டிரம் அடுக்குகிற கொட்டகையில் எங்கள் அத்தனை பேரையும் உட்கார வைத்துச் சார் ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தார். ஜீவிதா தமிழில் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு.

சார் வெகுநேரம் பேசினார். ஜீவிதா பேசவில்லை.

"ஏம்மா, சார் என்ன சொல்றாரு?" என்று கேட்டேன்.

"இன்னும் சொல்லல சார். சொல்லப்போறது எவ்வளவு முக்கியம்னு சொல்லிட்டு இருக்காரு."

கடைசியில் சாரே இரக்கப்பட்டுத் தமிழுக்கு வந்தார். "நண்பர்களே, தெளிவு என்பது ஒரு பயணம். போய்ச் சேர்ந்துவிட்டால் அது பயணம் அல்ல. நான் பதினெட்டு நாடுகளில் தெளிவைப் பற்றிப் பேசியிருக்கிறேன். ஒருவர்கூட ஒரு கேள்வி கேட்டதில்லை. அவ்வளவு தெளிவு! இப்போது நான் பேசியதில் உங்களுக்கு எவ்வளவு புரிந்தது?"

யாரும் வாய் திறக்கவில்லை.

"பார்த்தீர்களா?" என்றார் சார் சந்தோஷமாக. "இந்தப் பயிற்சி உங்களுக்கு எவ்வளவு அவசியம் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?"

அப்புறம் விதிகளைச் சொன்னார். நாலு வார்த்தைக்கு ஒரு தடவை ஜீவிதா மணி அடிப்பார், நிறுத்தி மூச்சு விட வேண்டும். எதைச் சொன்னாலும் இன்னொரு விதமாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். எதிராளி சொன்னதை அவர் சொன்னதாகத்தான் புரிந்துகொண்டோமா என்று அவரிடமே உறுதி செய்துகொள்ள வேண்டும். நேரடியாகக் கேள்வி கேட்கக் கூடாது, வேற்று நாட்டுக்காரர் மிரண்டுபோவார். முகம் பார்த்தால் வார்த்தையில் கவனம் போய்விடும், ஆகவே காமிராவை அணைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கை மேசைக்குக் கீழே இருக்க வேண்டும்.

"கை எதுக்கு சார் கீழ இருக்கணும்? அதான் காமிராவே கிடையாதே?" என்றான் பழனிக்குமார்.

"பழக்கம் குரலில் தெரியும்" என்றார் சார்.

சொந்த போனில் வெளிநாட்டுக்காரர்களோடு பேசினால் வேலை கிடையாது என்றும் ஒரு விதி இருந்தது. அதை மட்டும் ஒரே தடவை, மணி இல்லாமல், சுருக்கமாகச் சொன்னார்.

பெயாத்தாவையும் ஒர்ஹானையும்கூட விடவில்லை. அவர்களுக்கும் ஆன்லைனில் இதே பயிற்சி. மாதக் கடைசியில் பரீட்சை, அதுவரை கூட்டம் பழையபடி விரலில்தான். தேறினால் தெளிவுச் சான்றிதழ், தேறாவிட்டால் கூட்டத்தில் உட்கார இடமில்லை. பழனிக்குமாருக்கு அந்தக் கூட்டத்தைத் தவிர வேறு வேலை கம்பெனியில் இல்லை. அதைவிடப் பெரிய கவலை ஒன்றும் அவனுக்கு இருந்தது. அவன் பெண்டாட்டி சுகன்யாவின் அண்ணன் சோலைமுத்து, வடமதுரைக்குப் பக்கத்தில் விவசாயம். காலங்காலமாகக் கத்தரி போட்டவரைக் கெஞ்சிக் கூத்தாடி, "மச்சான், என்னைய நம்பிப் போடுங்க, தெனமும் சைஸ் நானே சொல்றேன்" என்று கெர்கின் போட வைத்தவன் இவன்தான். அந்த வருஷம்தான் முதல் வெள்ளாமை. தினமும் சாயங்காலம் மாப்பிள்ளையின் போனுக்காக அந்த மனுஷன் வரப்பில் நின்றுகொண்டிருப்பார்.

பரீட்சையில் கேள்வி இதுதான்: அலுவலகத்தில் தீப்பிடித்துவிட்டது, பக்கத்து அறையில் ஒரு ஜெர்மனிக்காரர் இருக்கிறார், அவருக்குத் தெரியப்படுத்துக.

பழனிக்குமார் எழுந்து நின்று தொண்டை கிழிய, "சார், ஃபயர்! கோ அவுட்!" என்று கத்தினான். மதிப்பெண் பூஜ்யம். சார் மாதிரி விடையை வாசித்துக் காட்டினார். முதலில் காலை வணக்கம். பிறகு, தங்கள் நேரத்தில் சிறு பகுதியை எடுத்துக்கொள்ளலாமா என்ற அனுமதி. பிறகு, அறையின் வெப்பநிலை தொடர்பாக ஒரு முன்னேற்றத்தைப் பகிர விரும்புவதாகத் தகவல். இதை இன்னொரு விதமாகச் சொல்லுதல். அவர் புரிந்துகொண்டாரா என்று மனம் நோகாமல் விசாரித்தல்.

"அதுக்குள்ள வெந்துருவானே சார்?"

"வேகலாம்" என்றார் சிவபிரகாஷ். "ஆனால் குழப்பத்தோடு வேகமாட்டார்."

மறுபரீட்சையில் பழனிக்குமார் மாதிரி விடையை அட்சரம் பிசகாமல் ஒப்பித்தான், மணிக்கு மணி நிறுத்தி, கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு. தேறிவிட்டான். சுகன்யா கம்பெனிக்கே கேசரி கொடுத்தனுப்பினாள். நானும் தின்றேன்.

சான்றிதழுக்குப் பின் முதல் கூட்டம். காமிரா அணைந்திருந்தது. சாரும் ஜீவிதாவும் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று நாட்டுக்காரர்களும் அன்றைக்குப் பேசிய ஆங்கிலத்தை ஜீவிதாதான் அப்புறம் எனக்குத் தமிழில் சொன்னார்.

"அனைவருக்கும் வணக்கம்" என்றார் பெயாத்தா. மணி. "என் வணக்கம் உங்களை வந்தடைந்ததா என்று அறிய ஆவலாக உள்ளேன்."

"வந்தடைந்தது" என்றான் பழனிக்குமார். மணி. "வேறு விதமாகச் சொன்னால், தாங்கள் அனுப்பியதும் நான் பெற்றதும் ஒரே வணக்கம் என்று புரிந்துகொள்கிறேன். என் புரிதலைத் திருத்துவதை வரவேற்கிறேன்."

"தங்கள் இருவருக்கும் இடையே ஒரு வணக்கம் நடந்ததாக நான் புரிந்துகொண்டேன்" என்றார் ஒர்ஹான். அந்த மனுஷன் குரலில் அழுகை இருந்தது. "நானும் அதில் சேரலாமா?"

வணக்கம் முடியவே வெகுநேரம் ஆனது. அப்புறம் நாளை என்றால் எந்த நாட்டு நாளை என்று உறுதி செய்தார்கள். பெயாத்தா, அளவு என்கிற பொருள் குறித்துத் தாம் பேசப்போவதாக முன்னறிவித்தார். முன்னறிவிப்பு கிடைத்ததாகப் பழனிக்குமார் தெரிவித்தான். பெயாத்தா அதை இன்னொரு விதமாக முன்னறிவித்தபோது கூட்டத்தின் நேரம் முடிந்து கம்ப்யூட்டர் தானாக அணைந்தது. சார் எழுந்து நின்று கைதட்டினார். நூற்றுக்கு நூறு. இதுவரை எந்தக் கிளையிலும் விழாத மதிப்பெண்ணாம்.

சாயங்காலம் போன் வந்தது. பழனிக்குமார் எடுப்பதற்கு முன்னாலேயே சோலைமுத்துவின் குரல் வெளியில் கேட்டது.

"ஏலே மாப்ள, நாளைக்கு என்ன சைஸ்?"

"தெரியல மச்சான்."

"தெரியலையா? இம்புட்டு நேரம் என்னடா பேசுனீக?"

"ரொம்பத் தெளிவாப் பேசுனோம் மச்சான்" என்றான் பழனிக்குமார். அவன் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

அளவு சொல்லாமல் பறித்த காயைக் கம்பெனி எடுக்காது. ஆகவே மறுநாள் யாரும் பறிக்கவில்லை. மறுநாள் கூட்டமும் நூற்றுக்கு நூறு. அதற்கு மறுநாளும் அப்படியே. அளவை நெருங்கினார்கள், அளவுக்கும் எடைக்கும் உள்ள வித்தியாசத்தை உறுதி செய்தார்கள், நேரம் முடிந்தது. காட்டில் காய்கள் பாட்டுக்குப் பருத்துக்கொண்டிருந்தன. அவற்றுக்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை.

மூன்று நாள் தொடர்ந்து நூற்றுக்கு நூறு வாங்கியதற்காகப் பழனிக்குமாருக்கு விருது கொடுப்பது என்று முடிவாயிற்று. கொட்டகையில் மேடை போட்டு, பொன்னாடையைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது கேட்டுக்கு வெளியே டிராக்டர் சத்தம். சோலைமுத்து டிரெய்லர் நிறைய முழங்கை முழங்கையாக வெள்ளரிக்காயோடு வந்து நின்றார். இரண்டைக் கையில் எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் வந்து, ஒன்றை மேடையில் இருந்த மாப்பிள்ளையின் காலடியில் எறிந்தார். அது உடைந்து விதை தெறித்தது.

"உன்னைய நம்பித்தானடா கத்தரிய அழிச்சேன்! மாடுகூட மோந்து பாத்துட்டுத் திரும்பிக்கிருதுடா! என் தங்கச்சி மொகத்துக்காகப் பாக்குறேன், இல்லேன்னா இதாலேயே உன் மண்டையப் பொளந்திருப்பேன்!"

பழனிக்குமார் பொன்னாடையோடு நின்றான். கண் கலங்கியிருந்தது.

சார் சோலைமுத்துவை ஆர்வமாகப் பார்த்துவிட்டு ஜீவிதாவிடம் திரும்பினார். "இவர் என்ன சொல்ல வருகிறார்?"

"காய் போச்சுன்னு சொல்றாரு சார்."

"அது தெரிகிறது. அவர் சொல்ல வருவது என்ன?"

"காய் போச்சுய்யா!" என்று சோலைமுத்து நெஞ்சிலடித்துக்கொண்டு கத்தினார்.

"கவனியுங்கள்" என்றார் சிவபிரகாஷ் எங்களைப் பார்த்து. "வணக்கம் இல்லை. அனுமதி கேட்கவில்லை. திருப்பிச் சொல்கிறார், ஆனால் அதே வார்த்தையில் திருப்பிச் சொல்கிறார். கையில் பொருள் வேறு. பிரச்சினை எங்கிருந்து தொடங்குகிறது என்று இப்போது கண்டுபிடித்துவிட்டேன். விவசாயிகளுக்குத் தெளிவு இல்லை. நாளை முதல் அவர்களுக்கு முகாம்."

கூட்டத்தில் தலைமை அலுவலகத்து ஆட்கள் கைதட்டினார்கள். பழனிக்குமார் பொன்னாடையை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு இறங்கிப்போனான். நேராக மச்சானிடம் போய், "நாளைக்கு மத்தியானம் செவனம்மாக்கா கடைக்கு வாங்க மச்சான். சைஸ் சொல்றேன். வேல போனாலும் போகட்டும்" என்றான்.

சிவனம்மாள் டீக்கடை கம்பெனி கேட்டுக்கு எதிரே. மறுநாளிலிருந்து பழனிக்குமார் கூட்டத்துக்குச் செத்த நேரம் முன்னால் அங்கே போய் உட்காருவான். சொந்த போனில் வீடியோ கால் போட்டுப் பிஸ்கட் ஜாடியில் சாய்த்து வைப்பான். போலந்தில் பெயாத்தாவும் அதே நேரத்துக்குச் சிகரெட் குடிக்கிற சாக்கில் வாசலுக்கு வந்துவிடுவார். சுண்டுவிரல். ஓகே மேடம். ஒர்ஹான் தன் காருக்குள் உட்கார்ந்து கட்டைவிரல் காட்டுவார். சோலைமுத்து பக்கத்து பெஞ்சிலிருந்தே தன் காட்டுக்கும் மற்ற விவசாயிகளுக்கும் போன் போட்டுவிடுவார். பிறகு பழனிக்குமார் எடைமேடைக்கு வந்து, கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டு, சாயங்காலம் வரை தெளிவாகப் பேசுவான். காயும் ஒழுங்காக வந்தது, மதிப்பெண்ணும் நூற்றுக்கு நூறு வந்தது. காய் ஒழுங்காக வருவதற்குத் தெளிவுத் துறைதான் காரணம் என்று சென்னைக்கு அறிக்கை போனது.

இதற்கிடையில் சார் விவசாயிகளுக்கு முகாம் நடத்தினார். வெயிலில், மைக் இல்லாமல், சுருக்கமாகப் பேசுவது எப்படி என்பதைப் பற்றிக் காலையிலிருந்து பொழுது சாயும்வரை பேசினார். தொண்டை கட்டிவிட்டது. ஒரு வாரத்துக்கு வாயே திறக்கக் கூடாது என்று திண்டுக்கல்லில் டாக்டர் சொல்லிவிட்டாராம். அந்த டாக்டர் நல்லா இருக்கணும்.

தொண்டைக்கு வெந்நீர் வாங்கத்தான் சார் ஜீவிதாவோடு டீக்கடைக்கு வந்தார். அப்போது பிஸ்கட் ஜாடியில் போன் இருந்தது, போனில் பெயாத்தா இருந்தார், பெயாத்தாவின் சுண்டுவிரல் நிமிர்ந்திருந்தது. பழனிக்குமாரின் சுண்டுவிரலும் நிமிர்ந்திருந்தது. அங்கே டீ குடித்துக்கொண்டிருந்த நான் கிளாஸோடு எழுந்துவிட்டேன். எச்சரிக்க நேரமில்லை.

சாருக்கு வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. ஒரு நிமிஷம் தவித்துப்போனார். அப்புறம் கையைத் தூக்கினார். ஆள்காட்டி விரலால் போனைக் காட்டினார். பழனிக்குமாரைக் காட்டினார். எதிரே இருந்த கம்பெனி கேட்டைக் காட்டினார். பிறகு உள்ளங்கையை விரித்து, ஈயை ஓட்டுகிற மாதிரி ஒரே வீச்சு வீசினார்.

ஜீவிதா மொழிபெயர்க்க வாயெடுத்தார்.

"வேணாந்தாயி, எங்களுக்கே புரிஞ்சிருச்சு" என்றார் சிவனம்மாள். "வேலைய விட்டுத் தூக்கிட்டாரு."

தெளிவுத் துறைத் தலைவர் சொன்ன ஒன்று, சொன்ன அடுத்த நொடியே, கடையில் இருந்த அத்தனை பேருக்கும் புரிந்தது அன்றைக்குத்தான். போலந்து வரைக்கும் புரிந்துவிட்டது. பெயாத்தா வாயில் இருந்த சிகரெட்டைக் கீழே போட்டுவிட்டார்.

பழனிக்குமார் முகத்தில் ரத்தம் இல்லை. போன வேலை அவனுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். வடமதுரையில் ஓர் உரக்கடையில் நிற்கிறான். மத்தியானம் டீக்கடைக்குப் போய் விரல் பார்க்கிற வேலை இப்போது என்னுடையது. எடைமேடைக்காரன் டீ குடிக்கப் போவதை எந்தத் துறையும் கவனிப்பதில்லை. ஆனால் அன்றைக்கு அவன் குனிந்து நிற்கவில்லை. நிமிர்ந்து சாரின் கையைப் பார்த்தான்.

"சார்" என்றான் பணிவாக. "கை மேசைக்குக் கீழே."

கடை மொத்தமும் சிரித்தது. சார் தூக்கிய கையைப் பார்த்தார், சட்டென்று பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார். பக்கத்து பெஞ்சில் சோலைமுத்து எதையும் கண்டுகொள்ளாமல் காட்டுக்குப் போன் போட்டு, "சுண்டுவிரலு! சுண்டுவிரலு மட்டும் பறிங்க!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

பெயாத்தா இன்னும் போனில்தான் இருந்தார். சாரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு கையைக் காமிராவுக்குக் கிட்டே கொண்டுவந்து, எங்கள் கணக்கில் இல்லாத அந்த ஒற்றை விரலை மட்டும் மெதுவாக, தெளிவாக நிமிர்த்திக் காட்டினார்.

பதினெட்டு நாடு சுற்றின சார் குனிந்து, கண்ணைச் சுருக்கி அதைப் பார்த்தார். ஒன்றும் புரியாமல் என் பக்கம் திரும்பிப் புருவத்தை உயர்த்தினார்.

"அந்த சைஸ் நம்ம கம்பெனி வாங்குறதில்ல சார்" என்றேன்.